மருந்துக்காய்

அந்தப் படக் கவரை மேல கம்பியில வைக்காத தாயி. பஸ்சு வளையிறப்ப கீழ விழும், எவனாவது மிதிச்சிருவான். அப்புறம் டாக்டரு "என்னம்மா, ஸ்கேன் படத்துல வடை மடிச்சுக் கொண்டு வந்தீங்களா"ன்னு கேப்பாரு. என்னைய அப்படித்தான் கேட்டாரு. மடியில வச்சுக்க. இந்தா, நான் கொஞ்சம் நகந்துக்கிறேன். என் பைய வேணா காலுக்கடியில... இல்ல, வேணாம், இது என் மடியிலயே இருக்கட்டும். உள்ள ஜாடி இருக்கு.

மதுரைக்குத்தான? எனக்குத் தெரியும். அந்தப் பச்சைச் சீட்டு ஒட்டுன கவரு எந்த வார்டுன்னு எனக்குத் தெரியாதா. ஈரல் வார்டு. யாருக்கு, வீட்டுக்காரருக்கா? வயித்துல தண்ணி கோத்திருக்கா? ம். எம்மகனுக்கும் அதேதான். சுந்தரமகாலிங்கம்னு பேரு. சதுரகிரி மலைச் சாமி பேரு. நேந்துக்கிட்டுப் பெத்த பிள்ளை. ரெண்டு வாரமா அங்கதான் கிடக்கான். என் தம்பி மகன் காவலுக்கு இருக்கான், நான் வத்திராப்புக்கு வந்து இந்த ஜாடிய எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போறேன்.

குடிப்பாரான்னு உங்கிட்ட நான் கேக்க மாட்டேன், பயப்படாத. ஊரே கேட்டிருக்கும். என்னையும் கேட்டாளுக. பால்காரியில இருந்து பஞ்சாயத்து கிளார்க்கு வரைக்கும், "உங்க மகன் அம்புட்டுக் குடிப்பானா, நமக்குத் தெரியாமப் போச்சே"ன்னு. எம்பிள்ளை கல்யாண வீட்டுல கலர் சோடா குடிச்சாக்கூட பாதிய வச்சிருவான். தேங்காய் ஏத்துற வண்டி ஓட்டுறவன். ரத்தத்துல ஏதோ காமாலைக் கிருமி, பல வருசமா உள்ளயே உக்காந்து ஈரலைத் தின்னிருக்குன்னு டாக்டரு சொன்னாரு. ஈரல் சுருங்கி இறுகிப்போச்சாம். இனிமே அது பழையபடி ஆகாது, இருக்கிறதக் காப்பாத்திக்கிட்டு ஓட்டணும், காப்பாத்துறது பூராவும் சாப்பாட்டுலதான் இருக்குன்னாரு. சாப்பாட்டுலன்னு அவரு சொன்னதும் எனக்குப் பாதி உசுரு வந்துச்சு தாயி. சாப்பாடுன்னா அது நம்ம கையில இருக்கிற விசயம்தான?

ஆனா எந்தக் கையிங்கிறதுதான் சண்டையாப்போச்சு.

எனக்கு ஒரு மருமக இருக்கா. மாரீஸ்வரி. இருக்கான்னு சொல்லவா, இருந்தான்னு சொல்லவா தெரியல. இப்ப அவ அப்பன் வீட்டுல சுந்தரபாண்டியத்துல இருக்கா. பேத்தியையும் தூக்கிட்டுப் போயிட்டா. நல்லவதான், நான் கெட்டவன்னு சொல்லல. வேலை சுத்தமாச் செய்வா. ஆனா பத்தியம்னா என்னன்னு தெரியாது. பத்தியங்கிற வார்த்தைக்கே அவளுக்கு அர்த்தம் தெரியாது.

மொத தடவை ஆஸ்பத்திரியில சேத்தோம் பாரு, அப்ப அங்க ஒரு சாப்பாட்டுக்காரப் பொண்ணு வந்துச்சு. டாக்டரு இல்ல, என்ன திங்கணும் என்ன திங்கக் கூடாதுன்னு சொல்றதுக்குன்னே ஒரு பொண்ணு. உங்கிட்டயும் வந்துச்சா? கண்ணாடி போட்டு, ஒல்லியா? அதேதான். அதுவே நாலு நாள் சாப்பிடாத மாதிரி இருக்கும், அது நமக்குச் சாப்பாடு சொல்லுது. அது சொன்னது இதுதான். பட்டினி போடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. பருப்பு, பயறு, முட்டை வெள்ளைக்கரு, பாலு, தயிரு, எல்லாம் குடுங்க. ராத்திரி படுக்கப் போறதுக்கு முந்தி கண்டிப்பா ஏதாவது குடுங்க, விடியிற வரைக்கும் வயிறு காயக் கூடாது. உப்ப மட்டும் கொறைங்க, ஊறுகா, அப்பளம், கருவாடு, கடையில விக்கிற பாக்கெட்டுத் தீனி எதையும் கண்ணுல காட்டாதீங்க.

நான் கேட்டுக்கிட்டேதான் நின்னேன். மனசுக்குள்ள சிரிப்பு. ஈரல் கெட்டவனுக்கு முட்டையா? எங்க மாமனாருக்குக் காமாலை வந்தப்ப எண்ணெய் வாடை வீட்டுப் பக்கம் வரல. அரிசிக் கஞ்சி, கீழாநெல்லி, அம்புட்டுத்தான். எந்திரிச்சு உக்காந்தாரு மனுசன். லங்கணம் பரம ஔசதம்னு சும்மாவா சொன்னாங்க. வயித்தக் காயப் போட்டா நோய் தன்னால கிளம்பிரும். எம்மகனுக்கோ வயிறு முன்னால தள்ளிக்கிட்டு நிக்குது, ஏற்கெனவே ரொம்பிப்போயிக் கிடக்கு. அதுக்குள்ள பருப்பையும் முட்டையையும் எங்க கொண்டுபோய் அடைக்கிறது?

ஆனா உப்பு விசயத்துல நான் அந்தப் பொண்ணு சொன்னத அப்படியே எடுத்துக்கிட்டேன். அதுல என்னைய யாரும் குத்தம் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த அன்னைக்கே உப்பு மரவையத் தூக்கி மாட்டுக்காரன் வீட்டுல குடுத்துட்டேன். மாடாவது நக்கட்டும்னு. எம்மகனுக்கு உப்பில்லாக் கஞ்சி, எனக்கும் உப்பில்லாக் கஞ்சி. ஆமா, நானுந்தான். அவன் நாக்கு செத்துக் கிடக்கறப்ப எனக்கு மட்டும் என்ன ருசி வேண்டிக் கிடக்கு? நாலு மாசம் உப்பில்லாமத் தின்னேன் தாயி. தலை சுத்தும், கால் பின்னும். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. பெத்த மனம் பித்து.

நீ என்ன பண்ண, உப்பு டப்பாவ? மேல அட்டத்துல ஏத்திட்டியா? நல்ல காரியம் பண்ண.

அவ என்ன பண்ணா தெரியுமா? எனக்குத் தெரியாம முட்டை அவிச்சுக் குடுத்திருக்கா. நான் கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து. கொல்லையில தேங்காமட்டை அம்பாரத்துக்கு அடியில ஓட்டப் பொதச்சு வச்சிருக்கா. கோழி கிளறி வெளிய போட்டுருச்சு. கொஞ்சநஞ்ச ஓடு இல்ல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒரு நோயாளிக்கு இப்படித் திருட்டுத்தனமாத் தீனி போடுறவ எதைத்தான் போட மாட்டா? கேட்டா, "ஆஸ்பத்திரியில சொல்லித்தான் அத்தை குடுத்தேன், அவரு கை காலைப் பாருங்க, சதையே இல்ல"ங்கிறா. கை கால் குச்சியாத்தான் இருந்துச்சு, ஒத்துக்கிறேன். தொடையில என் கை வளையல் ஏறும். நோயின்னா மெலியத்தான செய்வான்?

அதோட விட்டாளா. படுக்கப் போற நேரத்துல சத்துமாவு காய்ச்சி நீட்டுறா. பகல்ல நான் கட்டுன வாய இவ ராத்திரி அவுத்து விடுறா. நான் டம்ளரப் பிடுங்கி வாய்க்கால்ல ஊத்துனேன். அவன் அந்த டம்ளரையே பாத்தான். பசி இல்ல, சும்மா பாத்தான். எனக்கு இன்னும் அந்தப் பார்வை கண்ணுக்குள்ளயே நிக்குது.

நான் ஒண்ணுமே குடுக்கலன்னு நினைக்காத. வெறும் கஞ்சிய ஒரு மனுசன் எத்தனை நாளைக்குத் தொண்டையில இறக்குவான்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்றது நிசந்தான். மொத வாரமே கஞ்சியக் கண்டா அவனுக்குக் குமட்டல் வந்துச்சு. அப்பத்தான் எங்க வீட்டு மருந்து ஞாபகம் வந்துச்சு. அதான் இந்த ஜாடி.

நார்த்தங்கா தாயி. எங்க தோட்டத்துக் கடைசியில, மலை ஓடைப் பக்கம் ஒரு மரம் நிக்குது. அதோட காய்ல நான் போட்டது. ஆனா எங்க வீட்டுல நார்த்தங்கான்னு யாரும் சொல்ல மாட்டோம். மருந்துக்காய்னுதான் பேரு. சுருக்கமா மருந்து. காய்ச்சலா, மருந்து எடு. பிள்ளத்தாச்சிக்கு மசக்கையா, மருந்து எடு. மகாலிங்கம் வயித்துல இருந்தப்ப எனக்கு வாய்க்குப் பிடிச்சது அது ஒண்ணுதான். பித்தம்னு பேரு சொன்னாலே அது ஓடிப்போகும். ஈரலுங்கிறது பித்தந்தான?

ஒரு துண்டு கிள்ளிக் கஞ்சிக்கு வச்சேன். மடமடன்னு குடிச்சான். அந்தச் சந்தோசத்த உங்கிட்ட எப்படிச் சொல்ல. ஒரு வாரமா வாயத் தொறக்காதவன், "அம்மா, இன்னொரு துண்டு"ங்கிறான். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, குமட்டுனா வாயில ஒதுக்கிக்கிறதுக்கு ஒண்ணு. அவன் சப்பிக்கிட்டுக் கிடக்கறதப் பாத்தா சின்னப்பிள்ளையில மிட்டாய் சப்புனது நினப்பு வரும். பொண்டாட்டி ஆயிரம் முட்டை அவிக்கட்டும், அவன் கேட்டு வாங்கித் தின்னது என் கையிலதான்.

ஆனா பாரு, தண்ணித் தாகம் மட்டும் அடங்கல. சொம்பு சொம்பாக் குடிப்பான். நோயோட சூடுன்னு நினைச்சேன்.

ஒரு மாசத்துல வயிறு மறுபடி பானையா வீங்கிருச்சு. காலும் வீங்கிருச்சு, அமுக்குனா குழி விழுது. மறுபடி மதுரை. ஊசியக் குத்திக் குடங்குடமா எடுத்தாங்க. நாலஞ்சு நாள் அங்க இருந்தான், வடிஞ்சு வயிறு ஒட்டிருச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா திரும்பவும் ஏறுது. ஆஸ்பத்திரியில வடியுது, வீட்டுல ஏறுது. இதென்னடா சூதுன்னு நான் பாக்காத பார்வை இல்ல. வாசலுக்குப் பூசணிக்காய் கட்டினேன். வாஸ்து பாக்குற ஆள வரவழைச்சு வீட்டப் பாத்தேன், அடுப்படி மூலை சரியில்ல, இடிச்சு மாத்துங்கன்னான். மாத்துனேன். என்ன செஞ்சும் வயிறு ஏறத்தான் செஞ்சுச்சு.

அடுத்த தடவை சேத்தப்ப டாக்டரு எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுக் கேட்டாரு. "உப்பு உள்ள போகுதும்மா. எங்கயோ இருந்து உடம்புக்குள்ள உப்பு போய்க்கிட்டே இருக்கு. யாரு குடுக்குறீங்க?" நான் அவரைப் பாக்கல. திரும்பி மாரீஸ்வரியப் பாத்தேன். உப்பு மரவையவே ஊரை விட்டு அனுப்புன எனக்குத் தெரியாதா, நான் குடுக்கலன்னு? அப்ப மிச்சம் இருக்கறது யாரு? முட்டைய மறைச்சுக் குடுத்தவ, முட்டையில உப்பத் தடவாமயா குடுத்திருப்பா?

சாப்பாட்டுக்காரப் பொண்ணும் திரும்ப வந்துச்சு. "என்ன குடுக்குறீங்க பாட்டி, ஒண்ணு விடாமச் சொல்லுங்க"ன்னுச்சு. பாட்டியாம். சொன்னேன். கஞ்சி, ரசஞ்சோறு, அவிச்ச பீர்க்கங்கா, எல்லாம் உப்பில்லாம. "தொட்டுக்க?" ஒண்ணுமில்ல. "ஊறுகா?" எங்க வீட்டுல ஊறுகா நுழைஞ்சு ரெண்டு மாசமாச்சுன்னேன். நெசந்தான? மாங்கா ஊறுகா, எலுமிச்சங்கா ஊறுகா, அத்தனை பாட்டிலையும் நான்தான் எடுத்து வெளிய குடுத்தேன். மருந்தப் பத்தி அது கேக்கல, நானும் சொல்லல. சாப்பாடு கேட்டா சாப்பாடு சொல்லணும், மருந்தக் கொண்டு போயி அதுல எதுக்குச் சேக்கணும்?

மாரீஸ்வரி பக்கத்துல நின்னா. ஏதோ சொல்ல வாயத் தொறந்தா. நான் ஒரு பார்வை பாத்தேன். மூடிக்கிட்டா.

வீட்டுக்கு வந்து ரெண்டாம் நாளு. கொல்லையில துணி காயப் போட்டுட்டு உள்ள வர்றேன், இவ அடுப்படியில இந்த ஜாடியக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா. மூடி தொறந்திருக்கு. குப்பைக் கூடை பக்கத்துல இருக்கு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு. அவன் நாக்குக்கு இருக்கறது அது ஒண்ணுதான். என் கையால ஆனது அது ஒண்ணுதான். அதையும் கொட்டப் பாக்குறா. வாங்கினேன், வாங்குன வேகத்துல அவ கையில நகம் பட்டுருச்சு. "எம்மகன் என் கையில சாப்பிடறது உனக்குப் பொறுக்கலல்ல"ன்னேன். அவ அழுகல. "அத்தை, அந்த ஜாடில..."ன்னு ஆரம்பிச்சா. ஜாடிலங்கிற வரைக்கும்தான் நான் விட்டேன்.

அதுக்கு மேல நான்தான் பேசுனேன். கொஞ்ச நேரமா பேசுனேன்? முட்டை ஓட்ட இழுத்தேன், சத்துமாவ இழுத்தேன், டாக்டரு கேட்ட கேள்விய இழுத்தேன். உப்பக் குடுத்து எம்பிள்ளையக் கொல்லப் பாக்குறவ எம்வீட்டுல எதுக்குன்னு கேட்டேன். உப்பத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆகணும், நீ குடிப்பன்னு சொன்னேன். மகாலிங்கம் கட்டில்ல கிடந்தான். "ரெண்டு பேரும் நிறுத்துங்க"ன்னான், அதுவும் முனங்கலாத்தான். பொண்டாட்டி பக்கமும் பேசல, என் பக்கமும் பேசல. சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு சாயங்கால பஸ்சுக்குப் போயிட்டா. நான் தடுக்கல. தொல்லை விட்டுச்சு, இனி எம்பிள்ளைக்கு என் பத்தியம் மட்டுந்தான்னு நினைச்சேன்.

அவ போயி ஆடி முடிஞ்சு ஆவணியும் பாதியாச்சு. வீட்டுல நானும் அவனுந்தான். வெளியாள் கை ஒரு கரண்டி படல. முட்டை இல்ல, மாவு இல்ல. உப்புன்னு ஒரு கல் இல்ல.

கல்லுப்பட்டி வந்துருச்சா? கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன். நீ குடிக்கிறியா?

என்ன கேட்ட? அப்புறம் கொறஞ்சுச்சான்னா? இல்ல தாயி. கொறஞ்சிருந்தா நான் ஏன் இந்த பஸ்சுல உக்காந்திருக்கேன். முன்னைய விட வெரசா ஏறிருச்சு. மூச்சு விட முடியல, படுக்க முடியல, உக்காந்துக்கிட்டே தூங்குறான். அவ வயித்தெரிச்சல்தான்னு நினைச்சேன். பிள்ளையோட போனவ விட்ட மூச்சு சும்மா போகுமா? வேற எதைச் சொல்ல?

முந்தாநாள் டாக்டரு என்னையத் தனியாக் கூப்பிட்டாரு. "இனி ஒரு தடவை இப்படி வந்தா சிறுநீரகமும் சேந்து போயிரும். அப்புறம் எங்க கையில இல்ல. வீட்டுல அவரு கூட யாரும்மா இருக்கா?" நான் மட்டுந்தாங்கய்யான்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அவரு என்னையவே பாத்துட்டுப் போயிட்டாரு. அவரு ஏன் அப்படிப் பாத்தாருன்னு எனக்கு நேத்திக்குப் பூராவும் யோசனை.

எம்மகன் எனக்கு வேணும் தாயி. வேற எதுவும் வேணாம். வீடு போகட்டும், தோட்டம் போகட்டும். அவன் அப்பா போனப்ப கூட நான் இப்படிப் பயப்படல.

ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவனுக்கு இறங்கல. முட்டைய வைக்கிறாங்க, பயறு வைக்கிறாங்க, நாலு வாய் தின்னுட்டு வச்சிடறான். ஆனா வயிறு வடியத்தான் செய்யுது, வழக்கம்போல. நேத்து என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, மருந்து கொஞ்சம் கொண்டு வாம்மா, நாக்கு செத்துக் கிடக்கு"ன்னான். இத்தனை வருசத்துல அவன் எங்கிட்ட வாயத் தொறந்து கேட்டது ரொம்பக் கம்மி. ராவோட ராவா வந்து, எடுத்துக்கிட்டு, இந்தா கிளம்பிட்டேன்.

உங்க வீட்டுக்காரருக்கும் நாக்கு செத்துத்தான இருக்கும்? இரு, உனக்கும் நாலு துண்டு மடிச்சுத் தாரேன். அட, வச்சுக்க. நீ எனக்கு மக மாதிரி. அந்தப் பேப்பரக் குடு. இந்தா மோந்து பாரு, மூணு வருசத்துக் காய். கறுத்து, பஞ்சு மாதிரி இருக்கும். ஊருல இதைக் கேக்காத ஆள் இல்ல. பக்குவம் சொல்லித் தாங்க அத்தைன்னு கேப்பாளுக, நான் சொல்ல மாட்டேன். உனக்குச் சொல்றேன். அறுந்திராம சுருளா அறுக்கணும். அறுத்த மடிப்புக்குள்ள பூராவும் கல்லுப்ப அடைக்கணும். பொடியுப்பு ஆகாது, கல்லுப்பு. காய் ரெண்டு படின்னா உப்பு ஒரு படிக்குக் கொறையக் கூடாது, கை கூசக் கூடாது. ஜாடியில போட்டுத் தினம் குலுக்கணும். தண்ணி விட்டுக்கும். காயை எடுத்து வெயில்ல போட்டு, பொழுது சாய மறுபடி அந்த உப்புத் தண்ணியிலயே போடணும். இப்படியே போட்டு எடுத்து, போட்டு எடுத்து, அந்தத் தண்ணி பூராவையும் காயே குடிச்சிரணும். சொட்டு மிஞ்சக் கூடாது. கடைசியில மேல வெள்ளையாப் பூத்து நிக்கும் பாரு, அதான் பதம். அப்புறம் எத்தனை வருசமானாலும் கெடாது. உப்பு சரியா ஏறிருச்சுன்னா எதுவும் கெடா...

என்ன தாயி, கைய இழுத்துக்கிட்ட?

உப்பா? இதுலயா? போட்டதுதான், போடாம எப்படி. ஆனா அது போட்டப்ப உப்பு. மூணு வருசம் கழிச்சும் உப்பா இருக்குமா? வெயில்ல காஞ்சு, காய்க்குள்ள போயி, அது மருந்தாயிரும்ல.

ஆயிராதா?

நீ அந்தக் கவரையே பாக்காத. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. உனக்கு எம்மருமகளத் தெரியுமா? தெரியாதுல்ல. உனக்கு எம்மேல ஏதும் கோவமா? இந்த பஸ்சுலதான பாத்தோம். உனக்கு எதுக்கு எங்கிட்டப் பொய் சொல்லணும்.

இதை மோந்து பாக்கறப்ப எனக்கு உப்பு வாடையே வராது. எனக்கு மலை ஓடை வாடைதான் வரும். அவன் வயித்துல இருந்த மாசம்தான் ஞாபகம் வரும். நாலு மாசம் நான் இதைத் தொட்டதில்ல தெரியுமா, அவனுக்குக் கொறஞ்சு போயிருமேன்னு.

இரு. ஒரு துண்டு வாயில போட்டுப் பாக்குறேன்.

...

நாலு மாசம் உப்பில்லாமத் தின்ன நாக்கு தாயி. எரியுது.

நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லல. டாக்டர்கிட்டக் கேக்காம அப்படிச் சொல்ல முடியாது. தாய் குடுத்தது பிள்ளைக்கு விசமாகுமா, உலகத்துல எங்கயாவது கேட்டிருக்கியா? அழுகல, காரம் ஏறிருச்சு. காரம் இல்ல. என்னமோ ஏறிருச்சு.

வார்டுக்குள்ள நுழைஞ்சதும் அவன் என் பையத்தான் பாப்பான். "கொண்டாந்தியாம்மா"ம்பான். நான் என்ன சொல்ல? மறந்துட்டேன்னு சொல்லவா? நான் மறக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியும்.

திருமங்கலம் தாண்டிருச்சு. உன் போன்ல ஒரு நம்பர் போடுறியா தாயி? என் போன்ல இருந்து போட்டா அவ எடுக்க மாட்டா. இதுல இருக்கு பாரு, மாரின்னு. அதான். எடுத்தான்னா, நீ யாருன்னு கேப்பா. பஸ்சுல வந்தவன்னு சொல்லு. "ஒரு நாளு 'அத்தை, அந்த ஜாடில'ன்னு ஆரம்பிச்சியாம், மிச்சத்த இப்பச் சொல்லு, உங்க அத்தை கேக்குறா"ன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத. நான் அழுறேன்னு சொல்லாத.

அடிக்குதா? கொஞ்சம் பொறு. அவ எப்பவும் மாவு கையோட இருப்பா, தொடச்சிட்டுத்தான் எடுப்பா.

எடுத்துட்டாளா?

குடு. நானே கேக்குறேன்.